காலிக் கோட்டையை நடந்து பார்க்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக



தவணை விடுமுறை நெருங்குகிறது. கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி என்று நம் கரைப்பக்கப் பாடசாலைகளிலிருந்து தெற்கே கல்விச் சுற்றுலா புறப்படும் காலம். "சேர், நீங்க காலிக்காரர்தானே, கோட்டைக்குள்ள பிள்ளைகளுக்கு எதைக் காட்டுறது?" என்று இந்த மாதம் மட்டும் நான்கு ஆசிரியர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். பதிவு நீளமானது. சுற்றுலா போகாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அது கற்பிட்டியைப் பற்றியது.

நான் கோட்டைக்குள் பிறந்து, இருபது வயதுவரை அங்கேயே வளர்ந்தவன். நியமனம் இந்தப் பக்கம் கிடைத்தது, கல்யாணமும் இங்கேயே முடிந்தது. இப்போது காலியைவிட கற்பிட்டியில் வாழ்ந்த காலமே எனக்கு அதிகம். எனவே இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் எனக்குப் பேச வரும்.

இந்த இரண்டு கரைகளையும் ஒரே பயணத்தில் இணைத்த ஒரு மனிதர் இருக்கிறார், இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல், 'பத்தாலா' என்று அவர் எழுதிய இடத்தில் கரை சேர்ந்தது. அது நம் புத்தளம் என்றே ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். அங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியதையும், கரையெங்கும் கறுவா மரத்துண்டுகள் ஒதுங்கிக் கிடந்ததையும் அவர் எழுதி வைத்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டார். அரசன் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினான். மலையிலிருந்து இறங்கித் தெவிநுவர போனார், அங்கிருந்து காலிக்கு வந்தார். காலியை ஒரு சிறிய ஊர் என்கிறார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் இடத்தில் அவரை விருந்தாளியாக வைத்திருந்தாராம். பிறகு கொழும்பு வழியாகத் திரும்பவும் புத்தளம். அப்போது காலியில் கோட்டையும் இல்லை, கற்பிட்டியில் கோட்டையும் இல்லை. ஐரோப்பியர் வருவதற்கு 150 வருடங்களுக்கு மேல் முந்திய கதை இது. பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். நம் ஊரிலிருந்து காலிக்கு ஒரு பழைய பாதை உண்டு என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இனி நடைக்கு வருவோம்.

*எப்போது போவது*

நம் பாடசாலைகள் செய்வது இதுதான்: அதிகாலையில் புறப்படுவார்கள், வழியில் இரண்டு இடம் பார்ப்பார்கள், உச்சி வெயில் நேரத்தில் கோட்டைக்குள் பஸ்ஸை விடுவார்கள். மதிலின் மேல் நிழல் கிடையாது. அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் களைத்து ஐஸ்கிரீம் கடையில் நிற்பார்கள். முடிந்தால் முதல் நாள் இரவே புறப்பட்டு, சுபஹுத் தொழுகையைக் காலியில் தொழுங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நடந்தால் போதும். அது முடியாவிட்டால் அஸருக்குப் பிறகு தொடங்குங்கள், மேற்கு மதிலில் சூரியன் மறைவதையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தைக் கணக்கில் எடுங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், தேய்ந்துபோகாத செருப்பு, இந்த மூன்றும் கட்டாயம்.

*எந்த வாசலால் நுழைவது*

கிறிக்கெட் மைதானத்துக்கு முன்னால் உள்ள பெரிய வாசலால்தான் எல்லோரும் நுழைகிறார்கள். அது 1873இல் ஆங்கிலேயர் வெட்டியது. நீங்கள் துறைமுகப் பக்கமாகச் சுற்றிப் போய், பழைய வாசலால் நுழையுங்கள். வெளிப்பக்கம் தலைக்கு மேல் பிரித்தானிய அரச இலச்சினை இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் வீ.ஓ.சீ. எழுத்துகள், இரு பக்கமும் சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. சேவல் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போர்த்துக்கேய மொழியில் சேவலுக்குக் 'காலோ' என்று பெயர். காலி என்ற பெயர் அவர்கள் காதில் அப்படி விழுந்தது என்பார்கள்.

ஒரே வாசலின் இரண்டு முகங்களில் இரண்டு ஆட்சிகள். இவர்களுக்கு முன்னால் 1588இல் போர்த்துக்கேயர் இங்கே அரண் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பாடப் புத்தகத்தில் மூன்று பக்கத்தில் உள்ளதை இந்த வாசலில் மூன்று நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம்.

*வெளிச்சவீடும் பள்ளிவாசலும்*

வாசலைத் தாண்டி நீதிமன்றச் சதுக்கத்து மரநிழலில் பிள்ளைகளை எண்ணிச் சரிபாருங்கள். பிறகு ஹொஸ்பிட்டல் வீதியால் தெற்கே நடங்கள். இடதுபுறம் வரும் நீண்ட கட்டடம் ஒல்லாந்தர் கால வைத்தியசாலை. இப்போது உள்ளே கடைகளும் உணவகங்களும்தான். விலையைக் கேட்டுவிட்டு மெதுவாக வெளியே வந்துவிடுங்கள். சாப்பாட்டைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது.

வீதி முடியும் மூலையில் வெளிச்சவீடு. இப்போது நிற்பது 1939இல் கட்டியது, 26 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரம். 1848இல் ஆங்கிலேயர் நிறுவிய முதல் வெளிச்சவீடு தீயில் அழிந்த பின் இது வந்தது. அதற்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1904இல் எழுந்த இந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்கும் வெளிநாட்டவர் பலர் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார்கள். முகப்பில் இரு கோபுரங்கள், ஐரோப்பியப் பாணி அலங்காரம். பிறையைப் பார்த்த பிறகுதான் பள்ளிவாசல் என்று விளங்கும். பக்கத்து வீட்டுப் பாணியில் நம்முடைய வணக்கத்தலத்தைக் கட்டுவதில் அந்தக் காலத்து மனிதர்களுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இந்தக் கோட்டையைச் சேர்ந்ததுதான். இதே நாலு வீதிக்குள் 1755இல் முடிந்த ஒல்லாந்தத் தேவாலயம், 1871இல் திறந்த அங்கிலிக்கன் தேவாலயம், 1889இல் எழுந்த சுதர்மாலய விகாரை எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம்.

தொழுகைக்குப் போகாதவர்கள் பள்ளிவாசல் படியில் நின்று படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்குள்ள பெரியவர்களுக்கு ஸலாம் சொன்னால், "எந்த ஊர், மகன்?" என்று கேட்பார்கள். கற்பிட்டி என்றால் இன்னும் நாலு வார்த்தை பேசுவார்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாதது அந்த நாலு வார்த்தையில் வரும்.

*மதிலின் மேல்*

வெளிச்சவீட்டடியில் மதிலேறி, கடலை இடது கையில் வைத்துக்கொண்டு நடங்கள். முதலில் கொடிப்பாறை. பாறைகள் நிறைந்த கடலுக்குள் வரும் கப்பல்களுக்குச் சைகை காட்டிய இடம். இங்கே பையன்கள் உயரத்திலிருந்து கடலில் குதித்துக் காட்டிக் காசு கேட்பார்கள். பல இடங்களில் மதில் ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை இந்த இடத்தில் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

அடுத்தது திரித்தன் கொத்தளம். ஒல்லாந்தர் வீதிகளுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய் அமைத்து, கடல் பெருக்கெடுக்கும்போது அந்த நீரே உள்ளே வந்து கழுவிப் போகும்படி செய்தார்கள். அதற்கான நீரை இறைத்த காற்றாலை இந்தக் கொத்தளத்தில்தான் இருந்தது. விஞ்ஞான ஆசிரியர் கூட வந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள்.

நெப்தியூன், கிளிப்பன்பேர்க், ஏயோலஸ் கொத்தளங்களைக் கடந்து வடக்கே வந்தால், நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்ற மூன்று பெரிய கொத்தளங்கள் தரைப்பக்கத்தைக் காக்கின்றன. மொத்தம் 14 கொத்தளங்கள், உள்ளே 52 ஹெக்டேயர். சந்திரக் கொத்தளத்து மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல், அன்தனிஸ் என்ற பறங்கிய வைத்தியரின் நினைவாக எழுந்தது.

அங்கே நின்று கீழே மைதானத்தையும் பஸ் நிலையத்தையும் காட்டுங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்த இடத்தை முழுவதுமாக மூடியது. பஸ்கள் கடதாசிப் பெட்டிபோல் மிதந்தன. மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பீரங்கிக்குப் பயந்து கட்டிய மதில், முந்நூறு வருடங்களுக்குப் பிறகு அலையிலிருந்து மனிதர்களைக் காப்பாற்றியது. அல்லாஹ்வின் நாட்டம்.

*வீதிகளுக்குள்*

பெரும்பாலான பஸ்கள் மதிலோடு திரும்பிவிடும். ஆனால் கோட்டையின் கதை வீதிப் பெயர்களில்தான் இருக்கிறது. லெயின் பான் வீதி என்றால் கப்பலுக்குக் கயிறு திரித்த இடம். தும்புக் கயிறு தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் 'மோர்ஸ கிறாமர் ஸ்திராத்', அதாவது சோனக வியாபாரிகளின் தெரு. ஆங்கிலேயர் 'சோனக' என்பதை விட்டுவிட்டு 'பெட்லர்' என்று மட்டும் மொழிபெயர்த்தார்கள். ஒரு பெயர்ப்பலகை மாறும்போது ஒரு சமூகத்தின் சாட்சி எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு வகுப்பறையில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்காக ஒல்லாந்தர் நம்மைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். வியாபாரத்தில் சோனகர் தங்களுக்குப் போட்டி என்பதே அவர்களுடைய எண்ணம். கூலியில்லாத ஊழியம் என்ற கட்டாய வேலையை நம்மவர் மேல் சுமத்தினார்கள். கொழும்பில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1832இல்தான்.

அப்படியானால் காலிக் கோட்டைக்குள் நம்மவர் எப்படிப் பெருகினார்கள்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது நீராவிக் கப்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போன கப்பல்கள் காலியில் தரித்துப் போயின. பயணிகளுக்கு மாணிக்கம், நகை, கைவேலைப் பொருள் விற்றவர்களில் நம்மவர் பலர். 1875இல் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கினார்கள், சில வருடங்களில் கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. காலி தூங்கிப்போனது. இரண்டாவது, 1956க்குப் பிறகு பறங்கியர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகள் பலவற்றை முஸ்லிம்கள் வாங்கினார்கள்.

ஊரில் பணம் இல்லாததால் யாரும் பழைய வீட்டை இடித்து மாடி கட்டவில்லை. தூண் வைத்த திண்ணை, ஓட்டுக்கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கிணறு எல்லாம் அப்படியே இருந்தன. 1988இல் யுனெஸ்கோ வந்து உலக மரபுரிமை என்று அறிவித்தபோது, அதுவரை அந்த மரபுரிமையைக் காத்து வைத்திருந்தது எங்களுடைய வறுமைதான்.

*வீடுகள் கைமாறிய கதை*

நடக்கும்போது கதவுகளைப் பாருங்கள். எந்தத் திண்ணையில் செருப்புக் கிடக்கிறது, எந்தத் திண்ணையில் விலைப்பட்டியல் தொங்குகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு குர்ஆன் ஓதும் சத்தம் கேட்கும். எங்கள் உம்மும்மா திண்ணையில் இருந்தபடியே தெருவில் போகும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இன்று அதே வீதியில் பாதிக்கு மேற்பட்டவை விடுதி, கோப்பிக் கடை, மாணிக்கக் கடை.

2000களின் தொடக்கத்தில், வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்ட வேண்டிய நூறு சதவீத வரி கொஞ்சக் காலம் நீக்கப்பட்டது. 2004இல் அது திரும்பி வந்தது. அந்த இடைவெளிக்குள் கோட்டை வீடுகளின் விலை எங்கள் கற்பனைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ஒரு வீட்டுக்கு ஐந்தாறு வாரிசுகள். பழுதடைந்த கூரையைத் தொல்பொருள் விதிப்படி பழைய முறையிலேயே திருத்த வேண்டும், அதற்குச் செலவு அதிகம். மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு. வந்த விலையில் ஒவ்வொரு வாரிசும் ஊருக்கு வெளியே ஒரு முழு வீடு கட்டலாம்.

எங்கள் வீடும் அப்படித்தான் போனது. ஷரீஅத்படி பங்கு பிரித்து, எல்லோரும் சம்மதித்துத்தான் விற்றோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, விற்றவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. அந்த வீட்டையே எங்கள் அப்பா ஒரு பறங்கியக் குடும்பத்திடம் வாங்கினார். அந்தக் குடும்பமும் கப்பலேறும்போது அழுதிருக்கும். கல்லும் சுண்ணாம்பும் யாருக்கும் நிரந்தரமில்லை.

முன்பெல்லாம் ஒரு குடும்பம் போனால் இன்னொரு குடும்பம் குடிவந்தது. இந்த முறை குடும்பத்துக்குப் பதிலாக வியாபாரம் வந்தது. குடும்பம் இல்லாத தெருவில் மத்ரஸாவுக்குப் போகப் பிள்ளை இல்லை, சுபஹுக்கு முன்வரிசை நிறைவதில்லை, கடையில் தேங்காய் இல்லை. சுவர்கள் முன்பைவிட அழகாக இருக்கின்றன. வண்ணம் பூசி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டினால் உள்ளே மனிதர் இல்லை. இன்னமும் விற்காமல் அங்கே வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. கோட்டையில் உயிர் இருப்பது அவர்களால்தான். போனால் அவர்களுக்கு ஸலாம் சொல்லுங்கள், அவர்கள் கடையில் ஏதாவது வாங்குங்கள், முற்றத்துக்குள் எட்டிப்பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

*இனி நம் கரை*

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். காலிக் கோட்டை வளர்ந்த அதே காலம், அதே கம்பனி. கண்டி அரசனுக்குப் புத்தளம் வழியாகப் போன வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். பவளக் கல் மதில், மஞ்சள் செங்கல் வாசல். இப்போது அது கடற்படை வசம் இருக்கிறது, அனுமதி கேட்டால் காட்டுவார்கள். காலிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வாசலுக்குள் காலெடுத்து வைத்திருக்கிறார்கள்? அடுத்த முறை வகுப்பில் கை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள்.

நம் கோட்டைக்குள் குடும்பங்கள் வாழவில்லை. நம்மிடம் உள்ளது கோட்டைக்கு வெளியே உள்ள ஊர்: வாடிகள், கருவாடு காயும் மணல், வெங்காயத் தோட்டம், தெருவில் திரியும் கழுதைகள், பள்ளிவாசலடி. யுத்தம் முடிந்த பிறகு அதற்கும் விலை வந்துவிட்டது. மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக்குக் கைட் சர்ஃபிங் செய்ய வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறார்கள். வரட்டும், பல வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் பெயரில் காணி எழுதுவது பொதுவாக முடியாது. ஆனால் நீண்ட காலக் குத்தகை உண்டு, கொழும்பிலிருந்து வரும் பணமும் உண்டு.

நம்மோடு வாழும் வடபுலச் சகோதரர்களுக்கு வீட்டை இழப்பது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் கையில் எடுத்ததோடு வெளியேற்றப்பட்டு, பலர் படகில் நம் கரைக்கே வந்தார்கள். அவர்களிடம் யாரும் விலை பேசவில்லை. நமக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அதுவே ஒரு நிஃமத்.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று: கடலோரக் காணியை விற்க வேண்டிய நிலை வந்தால், முதலில் குடும்பத்துக்குள், பிறகு ஊருக்குள் கேளுங்கள். விற்பதைவிடக் குறுகிய காலக் குத்தகை முடியுமா என்று பாருங்கள். படகு இறக்கும் துறைக்கும் மீன் காயவைக்கும் இடத்துக்கும் போகும் பாதையை எழுத்தில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பாதை போனால் ஊர் போனதுபோல.

இரண்டு: காலிக்குப் போகும் முன் ஒரு காலைப்பொழுது கற்பிட்டியைப் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். கோட்டை, ஒல்லாந்தர் தேவாலயம், இறங்குதுறை, பள்ளிவாசல். ஒவ்வொரு தெருவுக்கும் ஏன் அந்தப் பெயர் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதற்கும் ஊர்ப்பெயர் அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் அச்சிட்டார். அப்போது அவருக்கு 27 வயது. சோனகரின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இந்த மண்ணில் பிறந்த ஓர் இளைஞர் 190 வருடங்களுக்கு முன் செய்ததை, கையில் தொலைபேசி உள்ள நம் பிள்ளைகளால் செய்ய முடியும்.

மூன்று: தெற்கே போகும் வழியில் கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு மணித்தியாலம் இறங்குங்கள். 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. அவரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவர விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கை எழுதியிருக்கிறது. காலித் துறையில் அன்று தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பாரசீகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி.

போய் வந்த ஆசிரியர்கள், திண்ணையில் செருப்புக் கிடந்த வீடுகள் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணிய கணக்கைக் கீழே எழுதுங்கள். கற்பிட்டித் தெருப்பெயர்களின் காரணம் தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். பயணம் போகும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிச் சேர்ப்பானாக. ஆமீன்.